சீனத்துத் திருக்கதலீச்சுரமும் பாண்டி நாட்டுத் தூதும்

சீன தேயத்தின் தென்கீழ்க் கரையில், அரபு வணிகர் சைத்தூன் என வழங்கிய சூவன்சௌ நகரில், 1956-ஆம் ஆண்டு தமிழ்க் கல்வெட்டொன்று கண்டெடுக்கப்பட்டமை அன்பர் பலரும் கேட்டறிந்ததே. சகம் 1203, சித்திரைத் திங்கள், சித்திரை நாள் என்பது அதன் காலம். அது கி. பி. 1281 ஏப்பிரல் ஆகும். சம்பந்தப் பெருமாள் என்னும் தவச்சக்கரவர்த்தி, செகாசைகானின் பர்மான்படி, அவன் திருமேனிக்கு நன்றாகத் திருக்கதலீச்சுரமுடைய நாயனாரை எழுந்தருளப் பண்ணினார் என்பது அக்கல் நுவலும் செய்தி. செகாசைகான் என்றது சேச்சன் கான் எனப் பட்டம் புனைந்த மங்கோலியப் பேரரசன் குப்ளாய் கானையே என்பது ஆராய்ச்சியாளர் துணிபு.

இக்கல்லைக் கொண்டு குப்ளாய் கான் சிவபத்தி உடையனாயினான் என்று மகிழ்வார் உளர். வணிகர் சிலர் தம் வழிபாட்டின்பொருட்டு எடுத்த சிறு கோயில், இதில் அரசியல் யாதுமில்லை என்று ஒதுக்குவாரும் உளர். இவ்விரண்டும் கல்லின் சொற்களை நிறுத்து நோக்காமையால் எழுந்தன என்பதே எம் கருத்து.

'திருமேனிக்கு நன்றாக' என்பது தமிழ்நாட்டுச் சாசனங்களிற் பயின்ற தொடர். சோழர்க்கும் பாண்டியர்க்கும் உட்பட்ட அதிகாரிகளும் ஊராரும் மன்னன் உடல் நலத்தின்பொருட்டுச் சந்தியும் விளக்கும் விழாவும் ஏற்படுத்துங்கால் இவ்வாறே வெட்டுவித்தனர். அஃது அறத்தொடு கூடிய அரச விசுவாசத்தின் மொழி. தம் நாட்டு மன்னனுக்குரிய அம்மொழியை, தம் சமயமும் மொழியும் அறியாத வேற்று நாட்டுப் பேரரசனுக்கு உரியதாக்கினர் சூவன்சௌத் தமிழர். உடையார், நாயனார் என்னும் சொற்களுக்கு அருகே பர்மான் என்னும் பாரசீகச் சொல் மொழிபெயர்ப்பின்றி அப்படியே நிற்கின்றது. ஆணையின் பெயரையும் மாற்றாது பொறித்தமையால், கோயிலுக்கு அரசின் இசைவு உண்டு என்பதைக் காண்போர்க்கு அறிவித்தலும் அவர் கருத்தாதல் தெளிவு. கீழே சீன எழுத்திலும் ஒரு வரி பொறித்தது வாளா அன்று.

இசைவு வேறு, பத்தி வேறு. அந்நகரிலேயே இசுலாமியர் பள்ளிகளும் கிறித்தவர் கல்லறைக் கற்களும் உள. அருகே மானி சமயத்தார் 1339-இல் அமைத்த கற்படிமமும் காணப்படுகின்றது. பல சமயத்தார்க்கும் இடங்கொடுத்துத் தம் நலத்துக்காக வேண்டிக்கொள்ளச் செய்தல் மங்கோலியர் ஆட்சிமுறை. ஆதலின் பர்மானைக் கொண்டு கானின் உள்ளத்தை அளத்தல் பொருந்தாது.

இனி அவ்வாண்டின் அரசியலை நோக்குவாம். தென்சொங் மரபு 1279-இல் வீழ்ந்தது. அதனை யொட்டியே சோழர் ஆட்சியும் முடிவுற்று, மாறவர்மன் குலசேகர பாண்டியன் கை ஓங்கிற்று. கடல்கடந்த நாடுகளைத் தன் அடிப்படுத்த விழைந்த குப்ளாய் கான், யாங் திங்பி என்பானைக் கொல்லத்துக்கும் மாபாருக்கும் தூது விடுத்தான். மாபார் என்பது சோழமண்டலக் கரைக்கு அந்நாளில் அயலார் இட்ட பெயர். 1281-ஆம் ஆண்டு முதற்றிங்களில் அத்தூதன் சூவன்சௌத் துறையினின்றே கலமேறினான். ஈழத்தை யடைந்தபோது காற்றும் உணவும் குறைந்தமையின், மாபாரில் இறங்கித் தரைவழியே கொல்லம் செல்லத் துணிந்து, சீனக் கணக்கின் நான்காந் திங்களில் அக்கரையில் இறங்கினான். சூவன்சௌவில் நாயனார் எழுந்தருளியதற்கும் கானின் தூதன் தமிழ்க்கரையில் அடிவைத்ததற்கும் இடையே ஒரு திங்கள் அளவே கழிந்திருக்கும். கலம் புறப்பட்டதைத் துறையில் நின்று கண்டவருட் சிலரேனும் குடமுழுக்கையும் கண்டிருத்தல் கூடும்.

தூதன் பெற்ற வரவேற்பை யுவான் மரபின் வரலாற்று நூல் சுவைபட உரைக்கின்றது. தரைவழி இல்லையென்று அமைச்சர் தடுத்தனர். பின்னர் விடியற்காலையில் மறைவாக அவன் விடுதிக்கு வந்து, அரச உடன்பிறந்தார் ஐவரும் காயலிற் கூடிக் கொல்லத்தின்மேற் படையெடுக்க ஆராய்கின்றனர் என்றும், தூதர் வரவு கேட்டுத் தம் நாடு வறியது என்று சொல்லிக்கொள்கின்றனர் என்றும், அது பொய்யென்றும் அறிவித்தனர். முத்துக் குளிக்கும் துறையுடையார் தம்மை வறியர் என்றது நகைப்பிற்குரியதாயினும், திறையஞ்சிய அரசர்க்கு அஃது இயல்பே. ஐவர் என்றது பாண்டியர் பலர் ஒருங்காண்ட முறையோடு ஒத்திருத்தலின் இச்செய்தி நம்பத்தக்கது. மார்க்கோ போலோவும் ஐவர் அரசரைக் குறிக்கின்றான். அவ்வமைச்சருள் ஒருவனாகிய பு-அ-லி பிற்காலத்தே சீனம் புகுந்து கானின் ஆதரவில் வாழ்ந்து 1299-இல் ஆண்டே இறந்தான்.

பாண்டிய மன்னர் அயல் தூதனுக்கு முகங்கொடாது தம் செல்வத்தை மறைத்த அதே பருவத்தில், அவர் நாட்டு மொழி பேசுவோர் அயல்நகரில் அத்தூதனை விடுத்தவன் உடல்நலத்துக்குச் சிவபிரானை வேண்டினர். இதனைத் துரோகம் என்னலாமோ? என்னலாகாது. கடல் வாணிகர் வாழ்வு துறைமுகத்து அரசன் அருளை நம்பியது. சோழ மன்னர் 1015, 1033-ஆம் ஆண்டுகளிற் சொங் அரசவைக்கு விடுத்த தூதுகளிலும் வாணிக நோக்கமே உள்ளீடாக இருந்தது. ஆயின் அன்று மன்னன் பெயரால் முத்தும் யானைக் கொம்பும் சென்றன. 1281-இல் மன்னன் பெயரைச் சுட்டாமலே வணிகர் குழு தன் உறவைத் தானே அமைத்துக்கொண்டது. கல்லில் பாண்டியன் பெயரும் இல்லை, ஆட்சியாண்டும் இல்லை. சகயாண்டு மட்டுமே உளது. கல்வெட்டிற் சொல்லாது விட்டதும் சான்றே.

சம்பந்தப் பெருமாள் யாவர்? ஆளுடைய பிள்ளையார் திருப்பெயர் தாங்கியவர் என்பதும், தவச்சக்கரவர்த்தி என்னும் சிறப்புப்பெயர் வணிகர்க்கு ஏலாது துறவறத்தார்க்கே ஏற்குமென்பதும் கருதி, அவர் குழுவினர்க்கு ஆசிரியராய் உடன்சென்ற சைவ முனிவர் என்று கொள்ள எம் மனம் இசைகின்றது. கதலி வாழையைக் குறிப்பதால், ஆண்டு வாழையே தலமரமாகக் கொள்ளப்பட்டது போலும்.

யுவான் மரபு 1368-இல் ஒழிந்தது. அதன் இறுதியிற் சூவன்சௌவில் நிகழ்ந்த கலகங்களில் அயல்நாட்டார் பலர் சிதறினர். கோயிற் கற்கள் நகரமதிலிலும் பிற கட்டடங்களிலும் சென்று சேர்ந்தன. கைய்யுவான் பௌத்தப் பள்ளியின் பேரவைப் பின்புறத்துத் தூண்களில் நரசிங்கமும் கண்ணனும் இன்றும் காணப்படுவர். அதன் அடித்தளத்தில் சிங்க உருவங்கள் வரிசையாக உள. நூதனசாலையில் உள்ள ஒரு புடைப்புச் சிற்பத்தில் யானையொன்று துதிக்கையால் மலரேந்திச் சிவலிங்கத்தை வழிபடுகின்றது. திருவானைக்காவை நினையாது அதனைக் காணுதல் தமிழர்க்கு அரிது.