மாணவ-வீரர்: ஒரு சொல்லின் கதை

அமெரிக்காவில் எம்.எஸ். படித்த இரண்டு வருடமும் டி.ஏ. வேலை பார்த்தேன். இளநிலை மாணவர்களின் ப்ரோகிராமிங் அசைன்மென்ட்களைத் திருத்த வேண்டும், வாரம் இரண்டு லேப் பார்த்துக்கொள்ள வேண்டும். வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்பது விசா விதி. மாதச் சம்பளம் வரும், வரி பிடிப்பார்கள், வருட முடிவில் டபிள்யூ-2 படிவம் வரும். அதாவது நான் மாணவன், கூடவே ஊழியனும். இரண்டும் ஒரே ஆளாக இருப்பதில் யாருக்கும் எந்தக் குழப்பமும் இருந்ததில்லை.

என் லேபில் ஒரு பையன் இருந்தான். பல்கலைக்கழக ஃபுட்பால் டீமில் ஆடுபவன். நாம் கால்பந்து என்று சொல்வது அல்ல. பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓட, எதிரணி முட்டி மோதிச் சாய்க்கும் அமெரிக்க ஆட்டம். திங்கட்கிழமை லேபுக்குத் தோளில் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு வருவான். அவனுக்கும் வாரம் 20 மணி நேரம்தான் கணக்கு. கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் விதி அது. ஆனால் மேட்ச் நாள் எவ்வளவு நீண்டாலும் கணக்கில் 3 மணி நேரம்தான் ஏறும். சனிக்கிழமை ஆட்டத்துக்கு ஊரே திரண்டு வரும். அவனுக்குக் கிடைப்பது படிப்பு, தங்குமிடம், சாப்பாடு. சம்பளம் கிடையாது.

"அப்ப நீயும் இங்க வேலை பாக்குறவன்தானே?" என்று ஒருநாள் கேட்டேன். சிரித்துவிட்டு, "இல்லை, நான் ஸ்டூடன்ட்-அத்லெட்" என்றான்.

மாணவ-வீரர். கேட்க எவ்வளவு கௌரவமாக இருக்கிறது! அந்தச் சொல் எங்கே, எதற்காகப் பிறந்தது என்று தெரிந்துகொள்ள எனக்குச் சில வருடங்கள் ஆயின.

அமெரிக்கக் கல்லூரிகளுக்கு இடையே நடந்த முதல் போட்டி 1852இல் ஹார்வர்டுக்கும் யேலுக்கும் நடந்த படகுப் போட்டி. இடம், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் வின்னிபெசாக்கி ஏரி. செலவை ஏற்றுக்கொண்டது ஒரு ரயில்வே கம்பெனி. ஏரிக்குச் சுற்றுலாப் பயணிகள் வர வேண்டும், ரயில் டிக்கெட் விற்க வேண்டும், அவ்வளவுதான். ஆக, வணிகம் பிற்காலத்தில் வந்து புகுந்து கெடுத்தது என்று சொல்வதற்கில்லை. முதல் நாளே கரையில் நின்றிருந்தது.

என்.சி.ஏ.ஏ. பிறந்தது அடிபட்ட உடல்களிலிருந்து. 1905 ஃபுட்பால் பருவத்தில் ஆட்டத்தால் இறந்தவர்கள் சுமார் 18 பேர் என்று அன்றைய நாளிதழ்கள் கணக்கிட்டன. ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். மறுவருடம் ஆட்டத்தை ஒழுங்குபடுத்த ஓர் அமைப்பு உருவானது. 1910இல் அது இன்றைய பெயரைப் பெற்றது. வீரனின் உயிரைக் காக்க வந்த அமைப்பு, ஐம்பது வருடம் கழித்து அந்த உயிருக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி வந்தபோது என்ன செய்தது?

கேள்வி கொலராடோ மாநிலத்திலிருந்து வந்தது. எர்னஸ்ட் நெமெத் என்ற டென்வர் பல்கலைக்கழக வீரருக்கு 1950இல் பயிற்சியின்போது முதுகில் அடிபட்டது. டென்னிஸ் மைதானத்தைப் பராமரிப்பதற்காக அவருக்கு மாதம் 50 டாலர் கொடுத்துவந்தார்கள். ஃபுட்பால் ஆடினால்தான் அந்த வேலை என்பது ஊரறிந்த ரகசியம். 1953இல் மாநில உச்ச நீதிமன்றம் அவர் ஊழியர்தான், இழப்பீடு உண்டு என்றது.

இரண்டு வருடத்தில் அடுத்த வழக்கு. ரே டெனிசன், ஃபோர்ட் லூயிஸ் கல்லூரி அணிக்காக ஆடும்போது தலையில் அடிபட்டு இறந்தார். அவர் மனைவி, தொழிலாளி வேலையில் இறந்தால் குடும்பத்துக்குக் கிடைக்கும் இழப்பீட்டைக் கேட்டார். கீழ்நிலையில் அவருக்குச் சாதகமாகவே தீர்ப்பானது. 1957இல் அதே உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. கல்லூரி ஃபுட்பால் வியாபாரம் செய்யவில்லை, ஆகவே இறந்தவர் ஊழியர் அல்ல என்பது அதன் வாதம்.

இந்த இழப்பீட்டுப் பயத்தில்தான் என்.சி.ஏ.ஏ. தலைவர்கள் அந்தச் சொல்லைக் கண்டுபிடித்தார்கள். நான் சொல்லும் குற்றச்சாட்டு அல்ல இது. 1951 முதல் 1988 வரை அமைப்பை நடத்திய வால்டர் பையர்ஸ் ஓய்வுக்குப் பின் எழுதிய புத்தகத்தில் தானே சொல்லியிருக்கிறார். வீரர்களை ஊழியர்கள் என்று யாரும் சொல்லிவிடாதபடி ஒரு சொல்லை உருவாக்கி, விதிகளிலெல்லாம் அதை நுழைத்தார்கள். 1956இல் விளையாட்டுக்கான உதவித்தொகை முறைப்படி அனுமதிக்கப்பட்டது. டென்னிஸ் மைதானத்தைக் கூட்டும் பொய் வேலைக்கு இனி அவசியமில்லை. வேலை என்ற ஒன்றே இல்லையென்றால் இழப்பீடு எங்கிருந்து வரும்? 1973இல் அந்த உதவித்தொகையும் ஒரு வருடத்துக்கானதாக, வருடாவருடம் புதுப்பிக்க வேண்டியதாக மாறியது.

பிறகு டிவி வந்தது. எந்த ஆட்டம் ஒளிபரப்பாக வேண்டும் என்பதை என்.சி.ஏ.ஏ. ஒருத்தரே முடிவு செய்வதை எதிர்த்து ஓக்லஹாமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் வழக்குப் போட்டன. 1984இல் உச்ச நீதிமன்றம் கல்லூரிகள் பக்கம் நின்றது. அந்தத் தீர்ப்பிலேயே போகிற போக்கில், கல்லூரி ஆட்டத்தின் தன்மை கெடாதிருக்க வீரர்களுக்குப் பணம் தரக் கூடாது என்ற பொருளில் சில வரிகள் வந்தன. சந்தை கல்லூரிகளுக்குத் திறந்தது. ஆடுகிறவனுக்கு மூடியே இருந்தது. அந்தச் சில வரிகளை வைத்தே என்.சி.ஏ.ஏ. 37 வருடம் ஓட்டியது. 2016இல் அது மார்ச் மாதக் கூடைப்பந்துத் தொடரின் ஒளிபரப்பு உரிமையை 2025 முதல் 2032 வரை எட்டு வருடங்களுக்கு 880 கோடி டாலருக்கு விற்றது.

உடைத்தது ஒரு வீடியோ கேம். 1995இல் யு.சி.எல்.ஏ. அணிக்காகக் கூடைப்பந்துப் பட்டம் வென்ற எட் ஓபேனன், பல வருடம் கழித்து நண்பர் வீட்டில் ஒரு கேமைப் பார்த்தார். அதில் அவருடைய அணி, அவருடைய 31ஆம் எண், அவருடைய இடதுகை ஆட்டம். பெயர் மட்டும் இல்லை. ஒரு ப்ரோகிராமராக நினைத்துப் பார்க்கிறேன்: எல்லாப் புலங்களையும் நிரப்பிவிட்டு, பணம் கொடுக்க வேண்டிவரும் அந்த ஒரு புலத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறார்கள். 2009இல் வழக்குத் தொடுத்தார், 2014இல் வென்றார். 2021இல் ஆல்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராக நின்றார்கள். பத்தே நாளில், தங்கள் பெயரையும் உருவத்தையும் வைத்து விளம்பரங்களில் சம்பாதிக்க வீரர்களுக்கு அனுமதி கிடைத்தது.

கடைசியாக ஹவுஸ் வழக்கு. அரிசோனா ஸ்டேட் நீச்சல் வீரர் கிராண்ட் ஹவுஸின் பெயரால் அறியப்படுவது. 2025 ஜூன் 6 அன்று நீதிபதி கிளாடியா வில்கன் சமரசத்துக்கு ஒப்புதல் தந்தார். பழைய வீரர்களுக்கு நிலுவையாகச் சுமார் 280 கோடி டாலர், பத்து வருடத்தில். இனி கல்லூரிகளே நேரடியாக வீரர்களோடு வருமானத்தைப் பகிரலாம். 2025-26இல் ஒரு கல்லூரிக்கு அதிகபட்சம் 2.05 கோடி டாலர். பெரிய கல்லூரிகளின் டிவி, டிக்கெட், ஸ்பான்சர் வருமானச் சராசரியில் 22 சதவீதம் என்ற கணக்கு.

இதைக் கொண்டாட வேண்டாமா என்றால், நிச்சயம் வேண்டும். சிக்கல்களும் உண்டு. பணம் பெரும்பாலும் ஆண்கள் ஃபுட்பாலுக்கும் கூடைப்பந்துக்கும் போகிறது. கல்வியில் பாலினச் சமத்துவம் கோரும் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டிப் பெண் வீரர்கள் சிலர் மேல்முறையீடு செய்தார்கள். பெரும்பாலான கல்லூரிகளின் விளையாட்டுத் துறைகள் லாபத்தில் ஓடுவதும் இல்லை. நீச்சலுக்கும் மல்யுத்தத்துக்கும் இனி எங்கிருந்து பணம் வரும் என்ற பயம் நியாயமானது. தொழில்முறை லீக்குகளில் வீரர் சங்கங்கள் பேரம்பேசி வருமானத்தில் ஏறத்தாழ பாதியை வாங்குகின்றன. கல்லூரி வீரர்களுக்கு 22 என்ற எண்ணை முடிவு செய்தபோது பேச ஒரு சங்கமே இல்லை.

என்னை உறுத்துவது வேறு. இந்தச் சமரசம் எதிலும் அவர்களை ஊழியர்கள் என்று சொல்லவில்லை. பிலடெல்பியா மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024இல், அமெச்சூர் என்ற பெயரைக் காட்டி மட்டும் அந்தக் கேள்வியை மறுத்துவிட முடியாது என்றது. என்.சி.ஏ.ஏ.வோ, அவர்கள் ஊழியர்கள் அல்லர் என்று சட்டத்திலேயே எழுதிவிடும்படி காங்கிரஸைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. காயங்களுக்கு, படிப்பு முடிந்து இரண்டு வருடம் வரை மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்ற விதி முதல்நிலைக் கல்லூரிகளுக்கு 2024இல் வந்தது. நல்ல விஷயம். ஆனால் கழுத்து உடைந்தவனுக்கு இரண்டு வருடம் எம்மாத்திரம்?

அமெரிக்காவில் கான்ட்ராக்டில் வேலை பார்த்த நம்மவர்களுக்கு டபிள்யூ-2வுக்கும் 1099க்கும் உள்ள வித்தியாசம் நன்றாகத் தெரியும். 1099 வாங்குபவர் கம்பெனியின் ஆள் அல்ல. அடிபட்டால் அவர் பாடு. வருமானப் பங்கு வாங்கும் கல்லூரி வீரர்களுக்கு இன்று பொதுவாகக் கிடைப்பது 1099தான்.

அசைன்மென்ட் திருத்திய எனக்கு டபிள்யூ-2 கொடுத்தார்கள். என் வேலையில் நடக்கக்கூடிய அதிகபட்ச விபத்து, லேப் நாற்காலியிலிருந்து கீழே விழுவது. ஐஸ் பை கட்டிய அந்தப் பையன் இப்போது ஆடினால் கையில் கொஞ்சம் பணம் இருக்கும். சந்தோஷம். ஆனால் 1955இல் டெனிசனின் மனைவி போய்க் கேட்டது வருமானத்தில் பங்கு அல்ல. தன் கணவர் அங்கே வேலை செய்துகொண்டிருக்கும்போதுதான் இறந்தார் என்பதை ஒப்புக்கொள்ளச் சொல்லிக் கேட்டார். அதை இன்னும் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.