வுட்கிராஃப்ட்

இச்சொல்லைத் தச்சுவேலை என்று மட்டும் கொண்டால் பாதிப் பொருள் போய்விடும். பழைய ஆங்கிலத்தில் 'வுட்' மரத்தை மட்டுமின்றிக் காட்டையும் குறித்தது. 'கிராஃப்ட்' முதலில் வலிமை; கைத்திறன் என்ற பொருள் அதிலிருந்து கிளைத்தது. ஜெர்மன் மொழியில் அதன் உறவுச்சொல் இன்றும் வலிமையையே குறிக்கிறது. ஆக, வுட்கிராஃப்ட் என்பது காடறிந்து வாழும் திறன்.

14ஆம் நூற்றாண்டில் சாசர், கேன்டர்பரி கதைகளின் முகவுரையில், வில்லேந்திய வீரன் ஒருவனின் காட்டறிவைச் சொல்ல இச்சொல்லைக் கையாண்டார். அமெரிக்க எல்லைப்புறக் குடியேறிகளிடம் தீமூட்டல், குடிலமைத்தல், தடமறிதல் எல்லாம் இதற்குள் அடங்கின. அவற்றில் பல பூர்வகுடிகள் கற்றுத்தந்தவை. 'வுட்கிராஃப்ட்' (1884) நூலை எழுதிய ஜார்ஜ் வாஷிங்டன் சியர்ஸின் புனைபெயரான 'நெஸ்மக்' கூடப் பூர்வகுடியினர் ஒருவரின் பெயரே. 1906இல் ஹொரேஸ் கெபார்ட்டின் முகாம் வாழ்க்கை நூலும் இச்சொல்லைத் தலைப்பில் ஏற்றது.

இன்றும் ஆர்வலர்கள் சிக்கிமுக்கிக் கல்லில் எஃகை உரசி, கரியாக்கிய துணியில் பொறி ஏந்திப் பழகுகிறார்கள். தெறிப்பது கல் அல்ல, கல் சீவியெடுத்த எஃகுத் துகள். தீப்பெட்டி கையில் இருக்கும்போதும் இதைக் கற்பது நல்லது: எந்தச் சுள்ளி காய்ந்தது, காற்று எத்திசையில் வீசுகிறது என்று பார்க்கும் பழக்கம் அப்போதுதான் வரும்.