பிள்ளைப்பேறும் பயமும்: சில வரலாற்றுக் குறிப்புகள்

யாழ்ப்பாணத்துத் தெருவோரங்களில் சுமைதாங்கிக் கற்களைக் கண்டவர்கள் எம்மில் பலர் இருப்பர். நிறுத்திய இரண்டு கற்கள், அவற்றின்மேல் குறுக்கே ஒரு கல். தலைச்சுமையோடு நடப்பவர் பிறர் துணையின்றிச் சுமையை இறக்கி இளைப்பாற அது உதவும். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நாட்டுவது எம்மவர் வழக்கம். அவள் இறக்காமற் போன சுமையை வழிப்போக்கராவது இறக்கட்டும் என்பது கருத்து. பேறுகால மரணம் எமது சமூகத்தில் எவ்வளவு சாதாரணமாக இருந்தது என்பதற்கு ஏடுகளைப் புரட்ட வேண்டியதில்லை, தெருவே சான்று. பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறப்பு என்று எங்கள் பாட்டிமார் சொன்னது வெறும் அலங்காரப் பேச்சல்ல.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. ஒஸ்லோவின் கிழக்கே, ட்வெய்ட்டாவின் மூன்று உயர்ந்த மாடிக் கட்டடங்களைச் சுற்றி வாழும் எம்மவர் வீடுகளில், ஒரு பெண் பிள்ளைத்தாச்சியானால் மகிழ்ச்சியோடு பயமும் கதவைத் தட்டுகிறது. "இங்கை டொக்டர் பாக்கிறதில்லை, மருத்துவிச்சிதான்." "எங்கட பெம்பிளையளெண்டால் வெட்டித்தான் எடுப்பினம்." "நோவெண்டு போன் பண்ணினால் வீட்டிலையே இருக்கச் சொல்லுவினம்." நாங்கள் வேலை செய்யும் உணவகத்தின் குசினியில், கோப்பை கழுவும் சத்தத்துக்கிடையே, இக்கதைகள் கைமாறுகின்றன. எங்கள் வீட்டிலும் வருகிற மாதம் ஒரு பேறு. ஊரிலிருந்து அம்மாவைக் கூப்பிட விசா கிடைக்கவில்லை. எனவே இப்பயத்தைக் கேலி செய்ய எமக்கு மனமில்லை. அதன் எந்தப் பகுதி நியாயமானது, எது பழைய நிழல் என்று பிரித்துப் பார்க்கவே விரும்புகிறோம்.

முதலில் ஊர்க்கதை. 1847இல் இலங்கைக்கு வந்து மானிப்பாயில் வைத்தியம் செய்த அமெரிக்க மிஷன் டொக்டர் சாமுவேல் கிறீன், 1857இல் "பிரசவ வைத்தியம்" என்னும் நூலைத் தமிழில் வெளியிட்டார். பின்னர் தமிழிலேயே மாணவர்க்கு மருத்துவம் கற்பித்தார். ஆனால் ஆண் டொக்டரிடம் பேறு பார்க்க எத்தனை வீடுகள் சம்மதித்திருக்கும்? 1898இல் இணுவிலில் பெண்களுக்கென மக்லியோட் ஆஸ்பத்திரி அமைந்து, டொக்டர் இசபெல்லா கேர் போன்ற பெண் மருத்துவர்கள் பணிபுரிந்த பிறகே வாசல் திறந்தது. பயத்தைக் குறைத்ததில் மருந்துக்கு இருந்த பங்கு, யார் கையால் அது கிடைத்தது என்பதற்கும் இருந்தது.

எனினும் ஆஸ்பத்திரிகள் மட்டும் நாட்டை மாற்றவில்லை. 1930களில் இலங்கையில் ஒரு இலட்சம் பிறப்புகளுக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தாய்மார் இறந்தனர். அதாவது ஏறக்குறைய ஐம்பது பேறுகளுக்கு ஒரு தாய். 1934-35 மலேரியாக் கொள்ளைநோய் நிலைமையை இன்னும் மோசமாக்கியது. 1950களில் இத்தொகை ஐந்நூறு அளவுக்கு இறங்கியது. அண்மைக் காலத்தில் முப்பது அளவில் நிற்கிறது. உலகின் பல பணக்கார நாடுகளே வியந்த வீழ்ச்சி இது. இலங்கை அப்போது பணக்கார நாடல்ல. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை நாடெங்கும் பரவியதும், பயிற்சி பெற்ற மருத்துவிச்சி வீடு தேடி நடந்ததும், மலேரியா அடங்கியதும், ஆஸ்பத்திரி இலவசமானதும், பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும் சேர்ந்து செய்த வேலை. மலையகத் தோட்டங்களில் மட்டும் மரணங்கள் நெடுங்காலம் கூடுதலாகவே இருந்தன என்பதையும் மறக்கலாகாது. மருத்துவிச்சி எட்டாத லயங்களில் பழைய பயம் பயமாகவே நீடித்தது.

இனி ஐரோப்பா. ஆஸ்பத்திரி என்றாலே பாதுகாப்பு என்று நம்பும் எமக்கு இது சற்று அதிர்ச்சி தரும். 1847இல் வியன்னாவில் இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். மருத்துவ மாணவர்கள் பேறு பார்த்த விடுதியில், மருத்துவிச்சிகள் பார்த்த விடுதியைவிடப் பலமடங்கு தாய்மார் பிரசவக் காய்ச்சலால் இறந்தனர். மாணவர்கள் பிண அறுவையிலிருந்து நேரே தாய்மாரிடம் வந்தனர். குளோரின் கரைசலில் கைகழுவ வைத்ததும் மரணங்கள் சடுதியாகக் குறைந்தன. அவரைப் பெரியவர்கள் ஏற்கவில்லை என்பது வேறு சோகம்.

ஒஸ்லோ அன்று கிறிஸ்தியானியா. 1818இல் இங்கு தொடங்கிய பேறுகால நிலையத்தையும் அதே காய்ச்சல் வாட்டியது. அங்கு போனவர்களிற் பலர் ஏழைகள், மணமாகாத பெண்கள். வசதியுள்ளவர் வீட்டிலேயே பெற்றனர். ஆயினும் அந்த நிலையத்தில் இன்னொரு வேலையும் நடந்தது: அது மருத்துவிச்சிகளைப் பயிற்றியது. 1810ஆம் ஆண்டின் சட்டம் நாட்டை மருத்துவிச்சி வட்டாரங்களாகப் பிரித்திருந்தது. பனியிலும் படகிலும் போய்ப் பேறு பார்த்த அப்பெண்களாலேயே, 1920களில் அமெரிக்காவில் இலட்சத்துக்கு அறுநூறுக்கு மேல் தாய்மார் இறந்தபோது, நோர்வேயில் அது மிகக் குறைவாக இருந்தது. 1930களின் நடுவில் சல்பா மருந்தும், பின்னர் பென்சிலினும், இரத்தம் ஏற்றும் வசதியும் வந்து மிச்சத்தைச் செய்தன. இன்று இலட்சத்துக்கு இரண்டு அளவே.

மருத்துவிச்சியை இங்கு "யூர்மூர்" என்பர். மேலோட்டமாகப் பார்த்தால் மண்ணின் தாய் என்று தோன்றும். உண்மையில் பச்சைக் குழந்தையைக் குறிக்கும் பழைய நோர்ஸ் சொல்லிலிருந்து அது வந்தது. ஆகவே "டொக்டர் பார்ப்பதில்லை" என்ற எமது முறைப்பாடு, எமது ஊரையும் இந்நாட்டையும் காப்பாற்றிய அதே கையைச் சந்தேகிப்பதாகும். சிக்கல் தெரிந்தால் டொக்டரை அழைப்பவரும் அவரே.

ஆனால் எமது பயம் சும்மா வந்ததல்ல. எம்மில் பலர் போரில் பிறந்தவர்கள். 1987 ஒக்ரோபரில் யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள் இந்திய இராணுவம் நுழைந்து நோயாளரையும் டொக்டர்மாரையும் தாதியரையும் சுட்டது. 1990இன் பின் மின்சாரமில்லாத குடாநாட்டில் ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் எத்தனை பேறுகள்! ஊரடங்கில் நோவெடுத்த பெண்ணைக் கொண்டுபோக வழியில்லை. இந்த நினைவை ஒரு விமான ரிக்கற் அழித்துவிடாது.

இங்கும் கணக்குகள் சில சொல்கின்றன. 1986 தொடக்கம் 1995 வரையான பிறப்புகளை ஆராய்ந்த நோர்வேஜிய ஆய்வொன்று, இலங்கை, இந்தியப் பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குச் சத்திரசிகிச்சை நடந்ததைக் காட்டியது. நோர்வேஜியப் பெண்களில் அது எட்டில் ஒருவர் அளவே. 2008-2010இல் எமது அயலான குறூருட்டாலன் பகுதியில் நடந்த ஆய்வு, தெற்காசியப் பெண்களிடம் கர்ப்பகாலச் சலரோகம் கூடுதலாக இருப்பதைக் கண்டது. எனவே வெட்டுவார்கள் என்ற பேச்சில் ஒரு துளி உண்மை உண்டு. அதற்கு மருத்துவக் காரணங்களும் உண்டு. எங்கே வலிக்கிறது, எப்போது தொடங்கியது, என்ன பயம் என்று சொல்ல மொழியில்லாத பெண்ணுக்கு ஆபத்து ஒரு படி கூடும் என்பதே எமது எண்ணம்.

2022 ஜனவரி முதல் நடைமுறையிலுள்ள சட்டப்படி, தேவையான இடத்தில் உரைபெயர்ப்பாளரை அமர்த்துவது பொது நிறுவனங்களின் கடமை. பிள்ளைகளை அந்த வேலைக்கு வைக்கக் கூடாது. ஆனால் எம்மவர் வெட்கத்தால் கேட்பதில்லை, அல்லது கணவனே மொழிபெயர்க்கிறான். கணவனுக்கு முன்னால் ஒரு பெண் எல்லாவற்றையும் சொல்வாளா? அவள் சொன்ன எல்லாவற்றையும் அவன் சொல்வானா?

ஊரில் காயச் சரக்கு அரைக்கவும், வேது வார்க்கவும், இரவில் பக்கத்தில் படுத்துக் கதை கேட்கவும் தாய், சகோதரி, அயலட்டை இருந்தது. ஒஸ்லோவில் ஆஸ்பத்திரி இருக்கிறது, கதை கேட்பவர்தான் இல்லை. இரவு வேலைக்குப் போகும் நாங்கள் அதை முற்றாக ஈடுசெய்ய இயலாது. ஆனால் பக்கத்துக் கதவில் இரண்டு பெற்ற ஒரு அக்கா இருப்பார். அவரைத் தேநீருக்குக் கூப்பிடலாம். மருத்துவிச்சியிடம் போகும்போது உரைபெயர்ப்பாளரைக் கேட்டு வாங்கலாம். இரத்தம் கண்டாலோ, தலையிடி நிற்காவிட்டாலோ, பிள்ளை அசைவது குறைந்தாலோ, அவர்களைத் தொந்தரவு செய்கிறோமோ என்று யோசியாமல் உடனே ரெலிபோன் எடுக்கலாம்.

2020இல் மட்டும் உலகில் 287,000 பெண்கள் கர்ப்பத்தாலும் பேற்றாலும் இறந்தனர். அவர்களிற் பெரும்பாலோருக்கு ரெலிபோன் எடுக்கவும் ஓர் இலக்கம் இருந்திராது. எமக்கு இருக்கிறது.