தீட்சிதர் இசையில் காதல்

வள்ளியை முருகன் மணந்த தலமாகப் போற்றப்படுவது திருத்தணி. முத்துசுவாமி தீட்சிதரின் (1775–1835) முதல் கீர்த்தனை பிறந்ததும் இந்த மலையில்தான் என்பது மரபு. ஆனால் மாயாமாளவகௌளை ராகத்தில் அமைந்த 'ஸ்ரீநாதாதி குருகுஹோ' பாடுவது காதலை அல்ல, குருவை!

காதல் திருவாரூரில் வந்தது. நடனக் கலைஞரான தம் மாணவி கமலத்துக்காக அவர் அமைத்ததாகச் சொல்லப்படும் தோடி வர்ணம் 'ரூபமு ஜூசி', தியாகராஜப் பெருமானுக்காக ஏங்கும் நாயகியின் குரல். பெரும்பாலும் சமஸ்கிருதத்தில் பாடியவர், இதைத் தெலுங்கில் பாடினார்.

ஜெர்மனியின் ராபர்ட் ஷூமன், கிளாராவின் தந்தையை எதிர்த்து வழக்காடி 1840-இல் அவரை மணந்தார். அவரது பியானோ இசையில் ஒலிப்பது சொந்தக் காதல். தீட்சிதர் இசையில் ஒலிப்பதோ ஆடுபவள் அபிநயிக்கும் காதல். சிருங்காரம் வேறு, பக்தி வேறு என்று பிரித்தால் இந்தத் தீட்சிதரை நாம் இழந்துவிடுவோம்.