மணலில் 'அ' எழுதிய ஜெர்மன்காரர்

போன வாரம் மண்ணரையில ஒரு டீக்கடையில நின்னுட்டு இருந்தேன். பக்கத்துல, பனியன் கம்பெனி வேலைக்கு வந்த வடமாநிலக் குடும்பத்துப் பையன். ஏழு வயசு இருக்கும். அம்மாகிட்ட ஹிந்தி, கடைக்காரர்கிட்ட தமிழ், கையில இங்கிலீஷ் ரைம்ஸ் புக்கு. இவனுக்கு எந்த மொழியில பாடம் நடத்தறது? புதுக் கேள்வி மாதிரிதான் தோணுச்சு. ஆனா 300 வருஷம் முன்னாடியே, இதே கேள்வியோட தரங்கம்பாடியில பள்ளி நடத்தியிருக்காங்க. நடத்தினவங்க ஜெர்மன்காரங்க.

தரங்கம்பாடி ஜெர்மன் ஊர் இல்லை. 1620ல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு, டென்மார்க்காரர்கள் கோட்டை கட்டிய துறைமுகம். 1706 ஜூலை 9 அன்று, டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக் அனுப்பிய இரண்டு பேர் அங்கே வந்து சேர்ந்தார்கள்: பார்த்தலோமேயு சீகன்பால்கு, ஹென்ரிக் புளூட்சோ. மதம் பரப்பத்தான் வந்தார்கள், அதில் ஒளிவுமறைவு இல்லை. இவர்களுக்கு முன்மாதிரி ஜெர்மனியின் ஹாலே நகரம். அங்கே பிராங்கே என்ற போதகர் 1695ல் ஏழைப் பிள்ளைகளுக்காகப் பள்ளி தொடங்கியிருந்தார்.

இறங்கியதும் முதல் சிக்கல், மொழி. ஊர் மக்கள் பேசுவது தமிழ். கோட்டையில் டேனிஷ். ஐரோப்பியர் வீடுகளில் அடிமைகளாக இருந்தவர்களும் வியாபாரத் தரகர்களும் பேசுவது கொச்சைப் போர்ச்சுகீஸ். இவர்கள் இருவருக்கும் தாய்மொழியோ ஜெர்மன்!

அவங்க செஞ்ச வேலையைப் பாருங்க. வயசான ஒரு திண்ணைப் பள்ளி வாத்தியாரைத் தங்கள் வீட்டிலேயே வந்து பள்ளி நடத்தச் சொன்னார்கள். பிள்ளைகளோடு பிள்ளைகளாகத் தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் 'அ' எழுதிப் பழகினார்கள். அர்த்தம் சொல்ல ஆள் வேண்டுமே? டேனிஷ் கம்பெனியில் வேலை பார்த்த, பல மொழி தெரிந்த அழகப்பன் வந்தார்.

அதுக்கப்புறம் சீகன்பால்குவோட நாள் முழுக்கப் படிப்புதான். காலையில் பழைய சொற்களைத் திரும்பப் படிப்பார். பிறகு மதியம் வரை, வயதான புலவர் ஒருவரையும் ஒரு எழுத்தரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு தமிழ்ச் சுவடிகள். புதுச் சொல் வந்தால் எழுத்தர் குறித்துக்கொள்வார். 1708லேயே கொன்றைவேந்தன், உலகநீதி, நீதிவெண்பா மூன்றையும் ஜெர்மனில் பெயர்த்துவிட்டார்.

பள்ளியும் வளர்ந்தது. தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழில், போர்ச்சுகீஸ் பேசும் பிள்ளைகளுக்குப் போர்ச்சுகீஸில், டேனிஷ் பிள்ளைகளுக்கு டேனிஷில் பாடம். 1707லேயே பெண் பிள்ளைகளுக்கும் பள்ளி. ஏழைப் பிள்ளைகளுக்குச் சோறும் துணியும் பள்ளியே கொடுத்தது. வாத்தியார்கள் தங்களுக்குள் பேசியது, ஊருக்குக் கடிதம் எழுதியது ஜெர்மனில். ஆனால் அந்த ஜெர்மனைத் தமிழ்ப் பிள்ளையின் பாடமொழியாக்கவில்லை.

ஓலையும் எழுத்தாணியும் இருந்த வகுப்புக்கு அச்சுப் புத்தகமும் வந்தது. ஹாலேயில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713ல் கப்பலில் வந்தன. எழுத்து பெரிசு, காகிதம் சீக்கிரம் தீர்ந்தது. அதனால் இங்கேயே சின்ன எழுத்து வார்த்தார்கள். 1715ல் காகித ஆலையே வைத்தார்கள். 1716ல் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியும் வந்தது.

இதை வெறும் புகழ்ச்சிக் கதையாக்க நான் விரும்பலை. அந்தப் பள்ளியில் வேதபாடம்தான் மையம். பிள்ளையின் மொழியை மதித்தவர்கள், அவன் வீட்டுச் சாமியை மாற்றத்தான் அந்த மொழியைக் கற்றார்கள். இன்னொரு பக்கம், அப்படிக் கற்றதில் சீகன்பால்குவே கொஞ்சம் மாறிப்போனார். நம்ம தெய்வங்களைப் பற்றி 1713ல் ஒரு பெரிய நூல் எழுதி ஹாலேக்கு அனுப்பினார். அங்கே அச்சிடவில்லை. 1867ல்தான் சென்னையில் அச்சானது. சீகன்பால்கு 1719லேயே, நாற்பது வயதுகூட ஆகாமல் இறந்துவிட்டிருந்தார்.

இப்போ டீக்கடைப் பையன்கிட்ட வருவோம். மூணு மொழியையும் கத்துக்கற சுமையை அவன் தலையில மட்டும் வெச்சிருக்கோம். தரங்கம்பாடியில முதல் சுமையைத் தூக்கினது வாத்தியார். நோக்கம் எதுவா இருந்தாலும், அந்த வரிசை சரியான வரிசைன்னு எனக்குத் தோணுது.

உங்க ஊர்ப் பள்ளியில, ஒரு குழந்தைக்காக ஹிந்தியோ ஒடியாவோ நாலு வார்த்தை கத்துக்கிட்ட டீச்சர் இருக்காங்களா? எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடை அவங்ககிட்ட இருந்து தொடங்கலாம்.