ஓய்வுநாளும் வானலையும்: உலக வானொலியின் வார இறுதி குறித்து ஒரு வரலாற்று நோக்கு

ஓய்வுநாளை ஆசரிக்கும் முறை எது என்னும் வினா திருச்சபைக்குப் புதியதன்று. பசித்த சீடர் விளைநிலத்தில் கதிர் கொய்தபோது எழுந்த வழக்கினையும், நாள் மனிதனுக்காக உண்டாயிற்று என்னும் கருத்துப்பட ஆண்டவர் அளித்த மறுமொழியினையும் மாற்கு தம் இரண்டாம் அதிகாரத்தில் பதிவு செய்துள்ளார். 20-ஆம் நூற்றாண்டில் இவ்வழக்கு சற்றும் எதிர்பாராத ஓரிடத்தில் மீண்டும் விசாரணைக்கு வந்தது. அவ்விடம் வானொலி நிலையம். ஞாயிற்றுக்கிழமையன்று உலகத்திற்கு எதை ஒலிபரப்புவது? எதை ஒலிபரப்பாமல் விடுவது? இவ்வினாக்களுக்கு விடை தேடியவர்களுள் பலர் சீர்திருத்தத் திருச்சபைகளின் மரபில் வளர்ந்தவர்கள். ஆகவே அவர்களுடைய வரலாறு நம் சிந்தனைக்குரியது.

1. மௌனத்தால் காக்கப்பட்ட ஞாயிறு

பிரித்தானிய ஒலிபரப்பு நிறுவனமாகிய பி.பி.சி. 1922 நவம்பரில் தன் ஒலிபரப்பைத் தொடங்கியது. அவ்வாண்டின் இறுதியில் அதன் பொது மேலாளராகப் பொறுப்பேற்ற ஜான் ரீத், ஸ்காத்லாந்து நாட்டுப் பிரஸ்பித்தேரிய போதகர் ஒருவரின் மகன், தொழிலால் பொறியாளர். தந்தையின் இல்லத்தில் தாம் கண்ட ஞாயிற்றுக்கிழமையை நாடு முழுவதற்கும் உரியதாக்க அவர் விரும்பினார். காலை ஆராதனை வேளையில் நிலையம் மௌனம் காத்தது. ஆலயத்திற்குச் செல்வோரை வானொலி வீட்டில் இருத்திவிடலாகாது என்பது இதன் நோக்கம். நடனப் பாடல்களும் நகைச்சுவை நிகழ்ச்சிகளும் அந்நாளில் விலக்கப்பட்டன. தேர்ந்த இசையும், கருத்தாழமுள்ள உரைகளும், மாலையில் ஆராதனையும், இரவில் சிறு தியானமும் இடம்பெற்றன.

திருச்சபைகள் இதனை உடனே வரவேற்றன என்று எண்ணுதல் தவறு. 1923-இல் யார்க் கோமகனின் திருமணத்தை வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்திலிருந்து ஒலிபரப்ப அனுமதி கேட்கப்பட்டபோது, ஆலய நிர்வாகத்தார் மறுத்துவிட்டனர். மதுக்கடையில் அமர்ந்திருப்போர் தொப்பியையும் கழற்றாமல் அத்திருச்சடங்கைக் கேட்கக்கூடும் என்று அவர்கள் அஞ்சினர் என்பர். எனினும் 1924 ஜனவரி 6, ஞாயிற்றுக்கிழமையன்று, லண்டன் தூய மார்ட்டின் ஆலயத்தின் குருவாகிய டிக் ஷெப்பர்டு தம் கதவைத் திறந்தார். ஆலயத்திலிருந்து நேரடியாக ஒலிபரப்பப்பட்ட முதல் ஆராதனை அதுவே. மதுக்கடையிலும் மருத்துவமனையிலும் இருப்பவர்களுக்கும் நற்செய்தி எட்டவேண்டும் என்பதே அவர் கருத்து. முன்னவர் எதனைக் கண்டு அஞ்சினரோ, அதனையே அவர் வாய்ப்பாகக் கண்டார்.

ரீத்தின் ஒழுங்கு ஒன்றை நாம் இங்கு மனத்தில் கொள்ளவேண்டும். நாட்டில் வேறு ஒலிபரப்பு நிறுவனம் இல்லாதிருந்ததே அதன் உறுதிக்குக் காரணம். பெட்டியைத் திருப்பினால் கேட்கத்தக்க வேறு குரல் இல்லை. ஞாயிற்றுக்கிழமையைச் சூழ்ந்து நின்ற மதில் தனியுரிமை என்னும் மதிலே.

2. எல்லை தாண்டிய அலை

வானலைக்கு மதில் இல்லை. 1931-இல் பிரான்சின் நார்மண்டிக் கரையிலிருந்தும், 1933 முதல் லக்சம்பர்க் சிறுநாட்டிலிருந்தும் ஆங்கில நிகழ்ச்சிகள் பிரித்தானிய வீடுகளை எட்டத் தொடங்கின. இவை வணிக நிலையங்கள். பி.பி.சி. மௌனமாகவோ கண்டிப்பாகவோ இருந்த ஞாயிற்றுக்கிழமையே இவற்றின் பெருநாளாயிற்று. நம் இல்லங்களிலும் அறியப்பட்ட ஓவல்டைன், ஹார்லிக்ஸ் ஆகிய பானங்களின் நிறுவனங்கள் அன்று மாலைப் பொழுதுகளை விலைக்கு வாங்கின. சிறுவர் பாட்டுடன் ஓவல்டைன் நிகழ்ச்சியைக் கேட்பது பல குடும்பங்களின் ஞாயிறு வழக்கமாயிற்று.

ஓய்வுநாளைக் காப்பதற்காகப் போடப்பட்ட சட்டம், அந்நாளை விற்பனையாளர் கையில் கொண்டுபோய்ச் சேர்த்தது! இது நகைத்து ஒதுக்கத்தக்க முரணன்று. ரீத் அஞ்சியது வெறும் கேளிக்கையை மட்டும் அன்று. ஒரு நாளேனும் மனிதன் வாங்குபவனாகவும் விற்பவனாகவும் கருதப்படாதிருக்கவேண்டும் என்னும் பழைய தீர்க்கதரிசன உணர்வும் அவருடைய கொள்கையில் இருந்தது. ஓய்வுநாள் எப்பொழுது முடியும், தானியம் விற்கலாமே என்று காத்திருந்தோரை ஆமோஸ் கண்டித்ததை நாம் அறிவோம். ரீத்தின் அச்சம் நியாயமானது. ஆயினும் அவர் கைக்கொண்ட காவல் பயன்படவில்லை.

நம் நாட்டிலும் இதற்கு ஒப்பான நிகழ்ச்சி உண்டு. 1952-இல் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்கள் ஏறத்தாழ விலக்கப்பட்டபோது, கேட்போர் இலங்கை வானொலியின் பக்கம் திரும்பினர். பற்பசை நிறுவனம் ஒன்றின் பெயர் தாங்கிய ‘பினாக்கா கீத்மாலா’ அவ்வாண்டு டிசம்பரில் அங்கே தொடங்கிப் பெரும்புகழ் பெற்றது. 1957 அக்டோபர் 3-ஆம் நாள் ‘விவித பாரதி’யைத் தொடங்கியே அகில இந்திய வானொலி இதற்கு விடையளித்தது. நாடும் நாளும் வேறாயினும் பாடம் ஒன்றே.

3. ஒரே ஞாயிறு இல்லாத உலகம்

1932 டிசம்பர் 19-ஆம் நாள், டாவென்ட்ரி நகரின் சிற்றலைக் கருவிகள் மூலம் பி.பி.சி.யின் பேரரசுச் சேவை தொடங்கியது. இதுவே பிற்காலத்தில், 1965-இல், ‘உலகச் சேவை’ என்னும் பெயர் பெற்றது. தொடக்கத்தில் அதன் நிகழ்ச்சிகள் சிறப்பாகவும் சுவையாகவும் இரா என்று ரீத் தாமே எச்சரித்தார். ஆறு நாள் கழித்து வந்த கிறிஸ்து பிறப்பு விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று பிற்பகல், எழுத்தாளர் கிப்ளிங் எழுதிக்கொடுத்த செய்தியை ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் சாண்ட்ரிங்காம் மாளிகையிலிருந்து வாசித்தார். மிகப் பல நாடுகளைச் சிற்றலை எட்டத்தக்க வேளை என்பதனால் பிற்பகல் 3 மணி தேர்ந்துகொள்ளப்பட்டது.

இவ்வொலிபரப்பு முதற்கண் குடியேற்ற நாடுகளில் வாழ்ந்த ஆங்கிலேயரையே கருத்தில் கொண்டிருந்தது. தாய்நாட்டு ஆலய மணியோசையை ஏங்கிக் கேட்டவர் அவர்கள். ஆளப்பட்ட மக்களின் செவி அன்று பெரிதாகக் கருதப்படவில்லை என்பதையும் மறைத்தல் கூடாது.

ஆனால் புதிய சேவை புதியதோர் இடர்ப்பாட்டைக் கொண்டுவந்தது. லண்டனில் சனிக்கிழமை இரவு 8 மணி என்றால், சிட்னியில் ஞாயிறு காலை 6 மணி. லண்டனில் ஞாயிறு இரவு 8 மணிக்கு ஆராதனை தொடங்கினால், சிட்னியில் இருப்பவன் திங்கட்கிழமை வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருப்பான். லண்டன் ஞாயிறு நண்பகலில் வான்கூவர் நகரம் அதிகாலை இருளில் உறங்கிக்கொண்டிருக்கும். எனவே உலகம் ஐந்து மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் அதன் மாலைப் பொழுதை ஒட்டி நிகழ்ச்சிகள் வகுக்கப்பட்டன. உருக்கு நாடாவில் ஒலியைப் பதிந்து மீண்டும் ஒலிபரப்பும் முறையும் இதற்குத் துணைசெய்தது.

உலகத்திற்குப் பேசும் நிலையத்திற்கு ஒரே ஞாயிறு என்பது இல்லை. இஸ்லாமியக் கேட்போனுக்கு வெள்ளியும், யூதக் கேட்போனுக்குச் சனியும் புனிதமானவை. ஒருவன் ஓய்ந்திருக்கும் வேளையில் மற்றொருவன் உழைத்துக்கொண்டிருக்கிறான். தன் நாளைப் பிறர்மீது சுமத்த இயலாத நிலையில், வானொலி பிறருடைய வீட்டிற்குள் விருந்தினனாகவே நுழைய வேண்டியதாயிற்று.

போர் இம்மாற்றத்தை உள்நாட்டிலும் விரைவுபடுத்தியது. 1939-ஆம் ஆண்டு இறுதியில் பிரான்சுக்குச் சென்றிருந்த பிரித்தானியப் படைவீரர், ஞாயிற்றுக்கிழமையிலும் தங்களுக்குக் களிப்பூட்டும் நிகழ்ச்சிகளை வேண்டினர். பிற நாட்டு நிலையங்கள் அவர்களுடைய காதுக்கு எட்டுந்தொலைவில் இருந்தன. 1940-இன் தொடக்கத்தில் படையினருக்கெனத் தொடங்கப்பட்ட ஒலிபரப்பில் ஞாயிறு ஏனைய நாள்களைப்போலவே நடத்தப்பட்டது. ரீத் 1938-இலேயே நிறுவனத்தை விட்டு நீங்கியிருந்தார். அவர் எழுப்பிய மதில் அதன்பின் மீண்டும் எழவில்லை.

4. விருந்தினனாக வந்த குரல்கள்

கட்டளையிடும் ஞாயிறும், விலைக்கு விற்ற ஞாயிறும் அல்லாத மூன்றாம் வழி இருந்ததா? இருந்தது. அதற்கு இரு சான்றுகள் காட்டலாம்.

முதற் சான்று நெதர்லாந்து. இந்நாடும் சீர்திருத்த மரபில் வேரூன்றியது. அதன் உள்நாட்டு வானொலியில் சீர்திருத்தக் கிறிஸ்தவர், கத்தோலிக்கர், சமதர்மவாதிகள் ஆகியோர் தத்தமக்கெனத் தனித்தனி ஒலிபரப்புச் சங்கங்களை 1920-களில் அமைத்துக்கொண்டனர். ஆனால் அயல்நாடுகளுக்கு ஒலிபரப்பிய பிலிப்ஸ் நிறுவனத்தின் சிற்றலை நிலையத்திலிருந்து, 1928 முதல் எட்டி ஸ்டார்ட்ஸ் என்பவர் ஞாயிறுதோறும் ‘மகிழ்ச்சி நிலையம்’ என்னும் பொருள்படும் ‘ஹாப்பி ஸ்டேஷன்’ நிகழ்ச்சியை நடத்தினார். பல மொழிகளில் வாழ்த்துக் கூறி, எளிய பாட்டும் உரையாடலும் கலந்து, தொலைதூரக் குடும்பங்களோடு அவர் உறவாடினார். மக்களிடையே சமாதானம் வளரவேண்டும் என்பது அவர் விருப்பம். 1940 மே மாதத்தில் ஜெர்மானியப் படை நாட்டைக் கைப்பற்றியபோது அக்குரல் ஓய்ந்தது. போருக்குப்பின் 1946-இல் மீண்டும் எழுந்தது. 1947-இல் அமைந்த நெதர்லாந்து வானொலி அதனைத் தன் பொதுப்பணியாக ஏற்று நடத்தியது. 1969-இல் ஸ்டார்ட்ஸ் ஓய்வு பெற்றபின் டாம் மேயர் அதனைத் தொடர்ந்தார். 1995-இல் அது நிறைவுற்றது.

இரண்டாம் சான்று அலிஸ்டர் குக். இவர் மெத்தடிஸ்ட் சபையைச் சார்ந்த அருளுரையாளர் ஒருவரின் மகன். 1946 மார்ச் 24, ஞாயிற்றுக்கிழமையன்று ‘அமெரிக்காவிலிருந்து மடல்’ என்னும் இவருடைய வார உரை பி.பி.சி.யில் தொடங்கியது. 13 வாரங்களுக்கெனத் திட்டமிட்ட அவ்வுரை, 2004 பிப்ரவரி வரை 2,869 முறை ஒலித்தது. உலகச் சேவையில் வார இறுதிகளில் அதனைக் கேட்டோர் பல நாட்டினர். ஏறத்தாழக் கால் மணி நேரம் ஒரு மனிதன் ஒரு மனிதனோடு பேசுவதுபோல் அது அமைந்தது. தந்தையார் மேடையில் நின்று செய்த பணிக்கும் மகன் ஒலிவாங்கிமுன் அமர்ந்து செய்த பணிக்கும் வேறுபாடு உண்டு. ஆயினும் வாரந்தவறாமல் கேட்போனை மதித்துப் பேசும் ஒழுக்கம் இருவருக்கும் பொதுவானது.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் கேட்கும்படி யாரும் கட்டாயப்படுத்தப்படவில்லை. கேட்டவரிடம் எப்பொருளும் விற்கப்படவில்லை. அயல்நாட்டுக் கேட்போன் உரிமக் கட்டணமும் செலுத்தவில்லை. வேண்டாவெனில் ஒரு விரலால் திருகி அக்குரலை அவன் நீக்கிவிடலாம். அவ்வுரிமை இருந்தும் அவன் காத்திருந்து கேட்டான்.

5. நமக்குரிய பாடம்

தமிழ் மொழிக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. லண்டனிலிருந்து பி.பி.சி.யின் தமிழ் ஒலிபரப்பு 1941 மே 3-ஆம் நாள் தொடங்கியது. அது ஒரு சனிக்கிழமை. ‘தமிழோசை’ என்று பெயர்பெற்ற அச்சேவையின் சிற்றலைக் குரல் 2017 ஏப்ரல் 30-ஆம் நாள் ஓய்ந்தது. அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பேரரசின் போர்க்காலத் தேவைக்காகப் பிறந்த அக்குரலைத் தமிழ் மக்கள் 76 ஆண்டுகள் தங்கள் வீட்டிற்குள் ஏற்றுக்கொண்டனர். இலங்கையில் துயர் மிகுந்த ஆண்டுகளில், நம்பத்தக்க செய்திக்காக அவ்வோசைக்குக் காத்திருந்த இல்லங்கள் பல.

சிற்றலையின் காலம் பெரும்பாலும் கடந்துவிட்டது. இன்று ஒவ்வொருவர் கையிலும் எண்ணிறந்த நிலையங்கள் உள்ளன. ஆராதனை வேளையில் ஊர் முழுவதும் அமைதியாயிருக்கவேண்டும் என்று கோரும் போதகர் இன்றும் உளர். அவ்வமைதியின் அருமையை நாம் மறுக்கவில்லை. ஆனால் மாற்றுக்குரல் இல்லாமையால் வரும் கூட்டம், மாற்றுக்குரல் கேட்டவுடன் கலைந்துபோகும் என்பதை 1930-களின் ஞாயிறு நமக்குக் கற்பிக்கின்றது. அவ்வாறு கலைந்த கூட்டம் விடுதலை பெற்றதா என்பதும் ஐயமே. அது வணிகரின் வாயிலில் போய் நின்றது. எனவே தடுப்பதோடு நம் கடமை முடிவதில்லை. தடுப்பு அகன்றபின் மக்களுக்கு நாம் கொடுக்கப்போவது யாது என்பதே முதன்மையான வினா.

தூய மார்ட்டின் ஆலயத்தின் குரு, தொப்பி அணிந்தபடி மதுக்கடையில் இருப்பவனையும் தம் சபையாராகக் கருதினார். அவனுக்கு எழுந்துபோக முழு உரிமை உண்டு. அவ்வுரிமையுள்ளவன் இருந்து கேட்கத்தக்கதாய் நம் ஞாயிற்று அருளுரை அமைந்துள்ளதா என்று, வரும் வாரம் பிரசங்க பீடத்தில் ஏறுமுன் நாம் ஒவ்வொருவரும் நம்மையே கேட்டுக்கொள்வோமாக.