அலங்கார எழுத்தும் அதன் எல்லையும்



ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் சாலையிலுள்ள தொழிற்சாலைகளில் எச்சரிக்கைப் பலகைகளை எவரும் அலங்கார எழுத்தில் எழுதுவதில்லை. பார்த்த கணத்திலேயே அவை விளங்க வேண்டும். ஆனால் நம் இல்லங்களின் நிக்காஹ் அழைப்பிதழ்களிலோ, இறைவசனம் வளைந்து, பின்னி, ஒன்றன்மேல் ஒன்றாய் ஏறி நிற்கிறது. அழகுதான்; அதை நம்மில் எத்தனை பேர் படிக்கிறோம்? அந்த எழுத்துகள் எதற்காகப் பிறந்தன என்று அறிந்தால், அவற்றுக்குரிய இடமும் விளங்கும்.

பாரசீகப் பள்ளிவாசல்களின் சதுரக் கூஃபி எழுத்து, செங்கல் அடுக்கிலிருந்து உருவானது. செங்கல்லை வளைக்க இயலாது. எனவே எழுத்தும் கோணமாயிற்று. உஸ்மானிய அரசாணைகளுக்கென வளர்ந்தது திவானி. பிறர் இடையில் ஒரு சொல்லையும் நுழைத்துவிடாதபடி அதன் எழுத்துகள் நெருங்கி அமைந்தன. ஸுலுஸ் எழுத்து பள்ளிவாசல் சுவர்களுக்கும் நூல்களின் தலைப்புகளுக்கும் உரியதாயிற்று. தெளிவாக ஓத வேண்டிய குர்ஆன் பிரதிகளுக்கோ நஸ்க் எழுத்தே பரவலாக நிலைபெற்றது.

இவ்வெழுத்துகளுக்கு அளவு வகுத்தவர் என்று போற்றப்படுபவர், பக்தாதில் வஸீராக இருந்து ஹிஜ்ரி 328இல் (கி.பி. 940) மறைந்த இப்னு முக்லா. நாணற்பேனா பதிக்கும் சாய்சதுரப் புள்ளியே அவருடைய அளவுகோல். அலிஃப் எத்தனை புள்ளி உயரம் என்பதைக் கொண்டு மற்ற எழுத்துகளின் அளவும் அமைந்தது. அலங்காரத்தின் அடியில் இருந்தது கணக்கு. மனம்போன போக்கு அன்று.

பாரசீகத்தில் பிறந்து உருதுவின் எழுத்தாகிய நஸ்தலீக், ஈய அச்சுக்கு எளிதில் அடங்கவில்லை. அதன் சொற்கள் வலமிருந்து இடமாகச் சரிந்து இறங்குவதே காரணம். சென்னைத் திருவல்லிக்கேணியில் 1927இல் சையத் அஸ்மத்துல்லாஹ் தொடங்கிய ‘தி முஸல்மான்’ நாளிதழ் நெடுங்காலம் இதற்குச் சான்றாய் நின்றது. காத்திப்கள் ஒவ்வொரு பக்கத்தையும் கையால் எழுத, அதைப் படம்பிடித்து அச்சிட்டனர்.  1981இல் மிர்ஸா அஹ்மத் ஜமீல், மோனோடைப் நிறுவனத்துடன் இணைந்து ‘நூரி நஸ்தலீக்’கைக் கணினிக்குக் கொண்டுவந்தார். தம் தந்தை நூர் அஹ்மதின் பெயரைச் சூட்டிய அவ்வெழுத்துக்காக, ஏறத்தாழ 20,000 கூட்டெழுத்து வடிவங்கள் உருவாக்கப்பட்டன.

இன்று அவ்வளவு உழைப்பின் பயனும் ஒரு சொடுக்கில் கிடைக்கிறது. ஆபத்தும் அங்கேதான். அரபு மொழிக்கு ஏற்பில்லாத வடிவமைப்பு மென்பொருளில் வசனத்தை ஒட்டினால், எழுத்துகள் தனித்தனியே பிரிந்து, இடமிருந்து வலமாகத் திரும்பிவிடும். அரபு அறியாத அச்சகத்தார்க்கு அது பிழையென்றே தெரியாது. நாமும் படிக்காமல் விட்டால், அல்லாஹ்வின் வார்த்தை சிதைந்த வடிவிலேயே நூற்றுக்கணக்கான இல்லங்களுக்குச் செல்லும். விருந்து முடிந்தபின் குப்பையிலும் கிடக்கும்.

ஆகவே பெற்றோர்களே, அலங்காரத்தை மணமக்களின் பெயருக்கும் தலைப்புக்கும் கொடுங்கள். வசனம் வேண்டுமெனில் அதன் தமிழ்ப் பொருளைத் தெளிந்த எழுத்தில் அச்சிடுங்கள். அரபிலேயே இருக்க வேண்டுமென விரும்பினால், நஸ்க் எழுத்தில் அமைத்து, அச்சுக்குப் போகுமுன் ஓதத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். மதரஸாவில் பயிலும் உங்கள் பிள்ளையே அதைச் சரிபார்த்துவிடுவான். எழுதுகோலின் மீது சத்தியமிட்டுத் தொடங்கும் அத்தியாயத்தை ஓதும் சமுதாயம் நாம். எழுதியதை ஒருமுறை படித்துப் பார்ப்பது நம் கடமையன்றோ?